கோலினுக்குக் கண்ணீர், ரிச்சிக்குத் தீர்ப்பா?

நேற்று நம் இணையக் குழுவில் நடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஸ்கிரீன்ஷாட் போட்டு யாரையும் சந்திக்கு இழுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் ‘இட்ஸ் எ சின்’ தொடரைப் பார்த்துவிட்டு ஒருவர் எழுதிய வரி என்னைத் தூங்கவிடவில்லை. “கோலின் செத்தப்போ கதறிட்டேன். ரிச்சி செத்தப்போ ஒண்ணும் தோணல. அவனாத் தேடிக்கிட்டது.” அதற்கு அத்தனை இதயக் குறிகள்!

2021இல் சேனல் 4இல் வந்த ஐந்தே பகுதித் தொடர் அது. 1981இல் லண்டனுக்கு வரும் இளைஞர்கள், அடுத்த பத்து வருடத்தில் எய்ட்ஸ் அவர்களை ஒவ்வொருவராகக் கொண்டுபோவது, அவ்வளவுதான் கதை. கோலின் கூச்ச சுபாவம் உள்ள பையன், தையற்கடை வேலை, அம்மா பிள்ளை. ரிச்சி ஆட்டமும் பாட்டமுமாக, பலரோடு படுத்து எழுந்தவன். கிருமிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தொடர் அதைத்தான் காட்டுகிறது. அதைப் பார்த்து அழுதுவிட்டு, அழுத கையோடு “இவன் அப்பாவி, அவன் குற்றவாளி” என்று எப்படிப் பிரிக்க முடிகிறது?

நோயாளியில் அப்பாவி, குற்றவாளி என்று இரண்டு சாதி கிடையாது. நேற்று இதைத்தான் எழுதினேன், இன்றைக்கும் இதைத்தான் எழுதுகிறேன்.

“ரிச்சி தெரிந்தே பரப்பினானே” என்பீர்கள். சரி, தொடரே அதை மறைக்கவில்லை. கடைசியில் அவனுடைய தோழி ஜில் அவன் அம்மாவின் முகத்துக்கு நேராகவே அதைச் சொல்கிறாள். அது தவறுதான், நான் பூசி மெழுகவில்லை. ஆனால் அந்தக் காலத்தையும் கொஞ்சம் பாருங்கள். பிரிட்டனில் ரத்தப் பரிசோதனை பரவலாக வந்ததே 1985இன் கடைசியில். முதல் மருந்து 1987இல் வந்தது, அதுவும் உயிரைக் காப்பாற்றவில்லை. நோயைக் கட்டுக்குள் வைக்கும் கூட்டு மருந்துகளுக்கு 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பரிசோதனை எடுத்தாயா என்று கேட்டே ஆயுள் காப்பீட்டை மறுத்தார்கள். 1985இல் மான்செஸ்டரில் ஒரு நோயாளியை நீதிமன்ற உத்தரவு வாங்கி மருத்துவமனையிலேயே அடைத்து வைத்தார்கள். தொடரில் கோலினை அறைக்குள் பூட்டி வைப்பதும் அந்தக் காலத்துச் சட்டத்தின்படிதான். தெரிந்துகொண்டால் மருந்து இல்லை, பூட்டுதான் உண்டு என்றால் எந்த இருபத்தைந்து வயதுப் பையன் தெரிந்துகொள்ளப் போவான்?

அப்பாவி என்று பெயர் வாங்கியவர்களை மட்டும் ஊர் விட்டுவைத்ததா? அதே பிரிட்டனில் ரத்தம் உறையாத நோய்க்கு ஏற்றிய மருந்தின் வழியாகவே சுமார் 1,250 பேருக்கு எச்.ஐ.வி. வந்தது. அதில் ஏறக்குறைய 380 பேர் குழந்தைகள். பத்திரிகைகள் அவர்களை அப்பாவிகள் என்றுதான் எழுதின. ஆனால் அந்தக் குழந்தைகளையும் பள்ளியில் ஒதுக்கினார்கள், அந்தக் குடும்பங்களும் வாயைத் திறக்க முடியாமல்தான் வாழ்ந்தன. அரசும் மருத்துவத் துறையும் செய்த தவற்றை விசாரணை அறிக்கை முழுசாகச் சொன்னது 2024 மே மாதத்தில். அதற்குள் பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று இன்பாக்ஸில் கேட்ட நண்பருக்காக இதைச் சொல்கிறேன். ஜில் அந்தக் கோப்பையை உடைக்கும் காட்சி நினைவிருக்கிறதா? நோய் வந்த நண்பன் டீ குடித்த கோப்பை. தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள், மனசு ஆறாமல் குப்பையில் போடுவாள், அப்புறம் அதையும் எடுத்து உடைப்பாள். எங்கள் வீட்டில் அது எவர்சில்வர் டம்ளர். சின்ன மாமா 1999இல் இறந்தார். வெளியே சொன்னது மஞ்சள் காமாலை. அவருடைய டம்ளரும் தட்டும் அடுக்களையில் இருக்காது, பின்கட்டு ஜன்னல் விளிம்பில் இருக்கும். டம்ளரில் பாட்டியின் பெயர் வெட்டியிருக்கும். பாட்டிதான் அதில் தண்ணீரை உயரத் தூக்கி ஊற்றுவாள், சொம்பு டம்ளரில் பட்டுவிடாமல். பெற்ற தாய்.

துக்கத்துக்கு வந்தவர்கள் குசுகுசுவென்று கேட்டது ஒன்றே ஒன்று: “எங்க போய் வாங்கிட்டு வந்தான்?” அத்தையைப் பற்றி மட்டும், “பாவம், அவ என்ன பண்ணுவா?” என்றார்கள். அப்பாவி என்று ஊரே ஒப்புக்கொண்ட அந்த அத்தை வீட்டில் அதற்கப்புறம் யாரும் வாய் நனைக்கவில்லை. 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். அத்தை அதுவரை இருக்கவில்லை.

“ஒரு கதாபாத்திரத்தைத்தானே சொன்னோம், அதுக்கு ஏன் இவ்வளவு ஆவேசம்?” என்று இதன் கீழும் ஒருவர் வந்து கேட்பார். கேளுங்கள். ரிச்சி கதாபாத்திரம்தான், நீங்கள் நிஜம். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதே தொடரைப் பார்த்தவன் நிஜம், நீங்கள் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டவன் நிஜம். “கலாச்சாரம்” என்று ஆரம்பிப்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை, மன்னிக்கவும்.

இந்தத் தொடர் வந்தபோது இங்கிலாந்தில் என்ன நடந்தது தெரியுமா? அடுத்த மாதமே பரிசோதனைக்குப் பதிவு செய்தவர்களின் எண்ணிக்கை அதுவரை இல்லாத அளவுக்கு ஏறியது. அங்கே தொடரைப் பார்த்துவிட்டு எழுந்து போய்ப் பரிசோதித்துக்கொண்டார்கள். நம் குழுவில் நேற்று அதே இழையில், எல்லாவற்றுக்கும் கீழே, ஒரு பையன் எழுதியிருந்தான்: “எனக்கும் டெஸ்ட் எடுக்கணும். பயமா இருக்கு.” அதற்கு வந்த முதல் பதில், “அப்படி என்ன தப்பு பண்ணின?” கூடவே சிரிக்கும் பொம்மைகள். நான் பார்த்துப் பதில் எழுதுவதற்குள் அவன் பின்னூட்டத்தை அழித்துவிட்டான். ரிச்சி எப்படி உருவாகிறான் என்று கேட்டவர்களே, இப்படித்தான் உருவாகிறான்.

தம்பி, இதை நீ படிப்பாயா தெரியவில்லை. அரசு மருத்துவமனையில் ‘நம்பிக்கை மையம்’ என்று கேள், பரிசோதனை இலவசம். ரகசியம் காப்பது அவர்களுடைய சட்டப்படியான கடமை. போகுமுன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 1097 இலவச எண். ஒருவேளை இருந்தாலும் மருந்தும் இலவசம்தான். ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் பரவாது. தனியாகப் போகக் கஷ்டமாக இருந்தால் எனக்கு எழுது, நானும் கூட வருகிறேன். எப்படி வந்தது என்று கேட்க மாட்டேன்.