183ஆம் வசனத்திலிருந்து 188ஆம் வசனம் வரை

நோன்பு எதற்காக என்று மற்ற சமயத்து நண்பர்கள் கேட்கும்போது, ஏழையின் பசியைப் பணக்காரர் உணர வேண்டும் என்பதற்காக என்றே நம்மில் பலர் பதில் சொல்கிறோம். உடலுக்கு நல்லது, கொழுப்பு குறையும் என்ற விளக்கமும் அண்மைக் காலமாக அதனுடன் சேர்ந்துகொண்டது. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் நோன்பு ஏழைக்கும் கடமைதானே? ஆண்டு முழுவதும் பசியோடு பழகியே வாழ்கிற ஒரு கூலித் தொழிலாளிக்குப் பசியைக் கற்றுக்கொடுக்க எதற்காக ஒரு மாதம்? ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் ரமலான் நோன்பு கடமையானது. அதை விதிக்கும் குர்ஆன் வசனம் (2:183, அதாவது 2ஆம் அத்தியாயத்தின் 183ஆம் வசனம்) பசியைப் பற்றிப் பேசவில்லை. உங்களுக்கு முன்னிருந்தவர்கள்மீது விதிக்கப்பட்டதைப் போலவே உங்கள்மீதும் நோன்பு விதிக்கப்பட்டுள்ளது, நீங்கள் இறையச்சம் உடையவர்கள் ஆவதற்காக என்றே அது சொல்கிறது.

உணவை விடுவதால் இறையச்சம் எப்படி வரும்? மாலை நேர அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலின் ஹவுளுக்கு, அதாவது கைகால் கழுவும் நீர்த்தொட்டிக்கு வந்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். வெயிலில் சுமை இறக்கிவிட்டு, நா வறண்டு, உதடு வெடித்த நிலையில் ஒருவர் ஒளுச் செய்ய, தொழுகைக்கு முன் தம்மைக் கழுவிக்கொள்ள, உட்காருகிறார். இரு கையாலும் தண்ணீரை அள்ளி வாய்க்குள் விடுகிறார். குளிர்ந்த நீர் நாக்கை நனைத்து, தொண்டைக்கு ஒரு விரல் தூரத்தில் நிற்கிறது. அதில் ஒரு மிடறு உள்ளே இறங்கினால், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. ஆனாலும் அவர் அதைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு முகத்தைக் கழுவுகிறார். காவல் இல்லை, சாட்சி இல்லை, கேட்பாரும் இல்லை. அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற ஒரே நினைவுதான் அந்தத் தண்ணீரைத் தொண்டைக்கு இந்தப் பக்கமே நிறுத்துகிறது. இறையச்சம் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒரு விளக்கத்தை நான் எந்த பயானிலும் (மார்க்கச் சொற்பொழிவிலும்) கேட்டதில்லை.

தொழுகையைப் பிறர் பார்க்கலாம், ஏழைகளுக்குக் கொடுக்கும் கடமையான ஜகாத்தை வாங்குபவர் அறிவார், ஹஜ்ஜுக்குப் போகிறவரை ஊரே வழியனுப்பி வைக்கும். நோன்புக்கு மட்டும் வெளியே தெரியும் உருவம் எதுவும் இல்லை. அதனால்தான், நோன்பு எனக்குரியது, நானே அதற்குக் கூலி கொடுப்பேன் என்று அல்லாஹ் கூறுவதாக வரும் நபிமொழி, அவன் தன் உணவையும் பானத்தையும் இச்சையையும் எனக்காகவே விடுகிறான் என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது.

பசி தன்னளவில் நோக்கமாக இருந்திருந்தால், மார்க்கம் அதை நீட்டச் சொல்லியிருக்கும். இங்கோ சூரியன் மறைந்ததும் தாமதிக்காமல் நோன்பு திறக்கச் சொல்லப்பட்டிருக்கிறது. விடியலுக்கு முன் உண்ணும் ஸஹர் உணவைப் பிந்தி உண்பது சுன்னத்தாக (நபிவழியாக) இருக்கிறது. இரவும் பகலும் சேர்த்துத் தொடர் நோன்பு வைப்பதை நபியவர்கள் தோழர்களுக்குத் தடுத்தார்கள். நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை தந்த கையோடு, அல்லாஹ் உங்களுக்கு இலகுவையே விரும்புகிறான், சிரமத்தை விரும்பவில்லை என்கிறது 2:185. உடம்பு தாங்காது என்று மருத்துவர் சொன்ன பிறகும் பிடிவாதமாக நோன்பு வைக்கும் பெரியவர்களிடம் இதை அன்போடு எடுத்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு பிள்ளைகளுக்கு இருக்கிறது.

1111இல் இன்றைய ஈரானின் தூஸ் நகரில் மறைந்த இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி, பகலில் விட்டதையெல்லாம் நோன்பு திறக்கும்போது சேர்த்து உண்பவனுக்கு அந்த நோன்பால் என்ன பலன் என்று கேட்டார். நம் காலத்து இஃப்தார் (நோன்பு திறக்கும்) விருந்துகளை நேரில் பார்த்துவிட்டுக் கேட்டது போலவே இருக்கிறது. அவர் சொன்ன இன்னொன்று அதைவிடக் கடுமையானது: ஹலாலான (அனுமதிக்கப்பட்ட) உணவைப் பகலெல்லாம் விட்டுவிட்டு ஹராமானதை (தடுக்கப்பட்டதை) கொண்டு நோன்பு திறப்பவன், ஒரு மாளிகையைக் கட்டி ஒரு நகரத்தையே இடிப்பவனைப் போன்றவன் என்றார்.

இங்கேதான் நாம் கவனிக்காமல் கடந்துவிடும் ஒரு வசனம் இருக்கிறது. நோன்பின் சட்டங்கள் 2:183இல் தொடங்கி 2:187இல் முடிகின்றன. அடுத்த வசனமே, உங்களில் ஒருவர் மற்றவரின் பொருளைத் தவறான வழியில் உண்ணாதீர்கள், பிறர் பொருளில் ஒரு பகுதியை அநியாயமாக அடைவதற்காக அதிகாரிகளிடம் அதைக் கொண்டு போகாதீர்கள் என்று சொல்கிறது. இந்த வரிசை தற்செயலானது அல்ல என்பது என் உறுதியான எண்ணம். சொந்தக் காசில் வாங்கிய தண்ணீரை அல்லாஹ்வுக்காகத் தொடாமல் இருக்கப் பழகியவன், அடுத்தவன் காசைத் தொடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பயிற்சியும். பொய்யான பேச்சையும் அதன்படி நடப்பதையும் விடாதவர் தன் உணவையும் பானத்தையும் விடுவதில் அல்லாஹ்வுக்கு எந்தத் தேவையும் இல்லை என்ற நபிமொழியும் இதே இடத்துக்குத்தான் நம்மைக் கொண்டுவருகிறது.

ஆனால் நம் ஊர்களில் என்ன நடக்கிறது? 30 நோன்பையும் தவறாமல் வைக்கிற, ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹில் முதல் வரிசையில் நிற்கிற மனிதர், தந்தை மறைந்து பல வருடங்களாகியும் உடன்பிறந்தவளின் சொத்துப் பங்கைக் கொடுக்காமல், அவள் கல்யாணத்துக்குச் செய்தது போதாதா என்கிறார். மணமகன் பெண்ணுக்கு மஹர் (திருமணக் கொடை) கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, மகனுக்குக் கைக்கூலி (வரதட்சணை) வாங்கிய வீட்டிலும் ஸஹருக்கு விளக்கு எரிகிறது. பெருநாள் வியாபாரம் களைகட்டும் கடைகளில், நள்ளிரவு வரை நின்ற பையன்களின் கூடுதல் கூலி கணக்கில் வருவதே இல்லை. ஹவுளில் ஒரு மிடறு தண்ணீருக்கு அஞ்சிய அதே உள்ளம், பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது ஏன் அஞ்சவில்லை? வருத்தத்தோடுதான் கேட்கிறேன், ஏனென்றால் இவர்கள் என் சொந்தபந்தங்கள்; இவர்களுடைய நோன்பு வீணாகிவிடக் கூடாது என்ற கவலை எனக்கு இருக்கிறது.

பெருநாள் தொழுகைக்கு முன்பே ஏழைகளுக்கான ஃபித்ரா தர்மத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று நாம் எவ்வளவு பரபரக்கிறோம்! அக்கா தங்கையின் பாகத்துக்கு அப்படி ஒரு கெடு வைத்த குடும்பத்தை நான் பார்த்ததில்லை. ஆகவே ஹஜ்ரத்மார்களிடம் (மார்க்க அறிஞர்களிடம்) ஒரு வேண்டுகோள்: ரமலான் முதல் இரவில் 183ஐ ஓதுவதோடு நிறுத்தாமல் 188 வரை ஓதிப் பொருள் சொல்லுங்கள். ஜமாஅத் நிர்வாகிகள் ஃபித்ராவுக்குப் பட்டியல் எடுக்கும் அதே நாட்களில், பாகப்பிரிவினை இழுத்துக்கொண்டே போகும் வீடுகளையும் அழைத்து உட்காரவைத்துப் பேசலாம். பிறை 27க்குள், அதாவது ரமலானின் 27ஆம் நாளுக்குள், ஒரு குடும்பத்திலாவது அந்தக் கணக்கைத் தீர்த்துவைக்கலாம்.