நாய் குரைக்க அப்பா எதற்கு?

போன வாரம் ஓர் இன்டர்வியூ பேனலில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் இருந்த சீனியர், வந்த பையனிடம் கேட்டார்: "இன்ஹெரிட்டன்ஸ் இல்லாம பாலிமார்ஃபிசம் வருமா?" (ஒரு கிளாஸின் குணங்களை இன்னொன்று பிள்ளை மாதிரி வாங்கிக்கொள்வது இன்ஹெரிட்டன்ஸ்; ஒரே அழைப்புக்கு ஒவ்வொன்றும் தன் விதமாகப் பதில் சொல்வது பாலிமார்ஃபிசம்.) "வரும் சார், கிளாஸே இல்லாத சி மொழிலயே பண்ணலாம்" என்றான் பையன். சீனியர் பேப்பரில் ஏதோ கிறுக்கிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டார். எட்டிப் பார்த்தேன். "பேஸிக்ஸ் வீக்."

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. நாம் எல்லாருமே அந்த நோட்ஸைப் படித்து வந்தவர்கள்தான். அனிமல் என்று ஒரு கிளாஸ், அதற்குப் பிள்ளைகளாக டாக், கேட். நாய் லொள், பூனை மியாவ், 16 மார்க். இத்தனை வருஷ வேலையில் ஒரு நாயைக்கூட ப்ரொடக்‌ஷனில் நான் பார்த்ததில்லை.

பையன் சொன்னதற்கு லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலே சாட்சி. கிட்டத்தட்ட முழுக்க சி, கிளாஸ் என்ற பேச்சே கிடையாது. ஆனாலும் நம் ப்ரொக்ராம் ரீட் என்று கூப்பிட்டால் டிஸ்க் ஃபைல் ஒரு மாதிரி பதில் சொல்கிறது, டெர்மினல் இன்னொரு மாதிரி. எப்படி? ஃபைல் ஆபரேஷன்ஸ் என்று ஒரு ஸ்ட்ரக்ட், அதாவது பல தகவல்களைச் சேர்த்துக் கட்டிய பொட்டலம். உள்ளே ஓபன், ரீட், ரைட் என்று வரிசையாக ஃபங்ஷன் பாயிண்டர்கள், எந்த ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும் என்று காட்டும் முகவரிகள். ஒவ்வொரு சாதனத்தையும் இயக்கும் டிரைவர் தன் ஃபங்ஷன்களை அதில் நிரப்பிக் கொடுத்துவிடும். சி பிளஸ் பிளஸ் கம்பைலர் விர்ச்சுவல் ஃபங்ஷனுக்காகத் திரைமறைவில் கட்டும் அதே அட்டவணைதான், இங்கே கையால் எழுதுகிறார்கள்.

இன்னொரு விஷயம். 1967-ல் பிரிட்டிஷ் கணினி விஞ்ஞானி கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி பாலிமார்ஃபிசத்தை வகை பிரித்துப் பாடம் எடுத்தபோது, முழு எண்ணையும் தசம எண்ணையும் ஒரே கூட்டல் குறி கூட்டுவதையும், எந்த வகைப் பட்டியலிலும் ஒவ்வொன்றாக எடுத்து ஒரே வேலையைச் செய்யும் மேப் ஃபங்ஷனையும்தான் காட்டினார். அப்பா பிள்ளைக் கதை அதில் இல்லை. அது நார்வேயில், சிமுலா 67 என்ற மொழி வழியாக, தனியாக வந்த சரக்கு.

எனக்குப் பிடித்தது கோ மொழியின் வழி. இன்டர்ஃபேஸ் என்பது, என்னென்ன மெத்தட் (ஃபங்ஷன்) இருக்க வேண்டும் என்ற பட்டியல் மட்டும். ரீடர் என்ற இன்டர்ஃபேஸில் ரீட் என்று ஒரே ஒரு மெத்தட். ஃபைல், நெட்வொர்க் கனெக்‌ஷன், பஃபர் எல்லாமே ரீடர்தான். ஆனால் எதுவும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. மெத்தட் பொருந்துகிறதா என்று கம்பைலரே பார்த்துக்கொள்ளும். ஜாவாவில் இன்டர்ஃபேஸ் என்றாலும் கிளாஸ் எழுதும்போதே இம்ப்ளிமென்ட்ஸ் போட்டாக வேண்டும். கோ மொழியிலோ, யாரோ எப்போதோ எழுதிய டைப்புக்கு நான் இன்று ஒரு இன்டர்ஃபேஸ் எழுதிப் பொருத்தலாம், அவருக்குத் தெரியவே வேண்டாம். யார் பெற்ற பிள்ளை என்ற விசாரிப்பு இல்லை, வேலை தெரியுமா என்பதோடு சரி. (நம் ஊர்க்காரனுக்கு இது ஏன் பிடிக்கிறது என்று விளக்க வேண்டுமா?)

சுருக்கி வந்த டேட்டாவை விரித்துக் கொடுக்கும் ஜிஜிப் ரீடர் இன்னும் அழகு. ஒரு ரீடரை வாங்கிக்கொண்டு தானும் ரீடராகவே நிற்கும். சர்வர் பதிலை அதில் செருகி, அதை, ஜேசன் வடிவ டேட்டாவைப் பிரித்துப் படிக்கும் டிகோடரில் செருகினால் வேலை முடிந்தது. டெஸ்ட் எழுதும்போது சர்வருக்குப் பதில் ஒரு ஸ்ட்ரிங் ரீடரை வைத்தால் போதும்.

சும்மா புகழவில்லை, அடியும் வாங்கியிருக்கிறேன். கோ மொழியின் எரர் இன்டர்ஃபேஸுக்குள் நல் (எதையும் காட்டாத, வெறும்) பாயிண்டரை வைத்துத் திருப்பி அனுப்பினால், அந்த எரர் நல் ஆகாது. உள்ளே டைப் உட்கார்ந்திருக்கிறதே! பிழையே இல்லாத இடத்தில் பிழை என்று லாக் கத்த, ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கம் போனது. ரஸ்ட் மொழியில் எந்த டைப்புக்கு எந்த டிரெய்ட் (அங்கே இன்டர்ஃபேஸ் மாதிரி) என்று வெளிப்படையாக எழுதியாக வேண்டும் என்பது அன்றைக்கு நிம்மதியாகத் தெரிந்தது.

கல்லூரியில் பாடம் எடுக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த செமஸ்டரில் அந்த நாயை அவிழ்த்து விட்டுவிட்டு, கெர்னலில் மெம்.சி ஃபைலைத் திறந்து டெவ் நல் டிரைவரை, எதைப் போட்டாலும் விழுங்கிவிடும் அந்தப் போலிச் சாதனத்தின் டிரைவரை, போர்டில் எழுதுங்கள். ரீட் ஃபங்ஷனுக்குள் ஒரே வரி: பூஜ்யத்தைத் திருப்பு, அதாவது படிக்க ஒன்றுமில்லை என்று சொல். ரைட்டுக்குள்ளும் ஒரே வரி: எத்தனை பைட் கொடுத்தார்களோ அத்தனையும் எழுதிவிட்டதாகச் சொல்லிவிடு. எழுதுவது ஒன்றுமே கிடையாது.