அந்த ஆமென் யாருக்கு?

அந்த வீடியோவை எனக்கு மட்டும் ஏழு பேர் அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்துவிட்டேன். சாட்சி நேரத்தில் அந்த அண்ணன் எழுந்து, "மறுபடியும் குடிக்க ஆரம்பிச்சிட்டேன், விட முடியல, ஜெபம் பண்ணுங்க" என்றதையும் பார்த்தேன். பாஸ்டர் ஐயா மைக்கை வாங்கி, "அப்போ நீங்க இரட்சிக்கப்படவே இல்ல பிரதர்" என்றதையும் பார்த்தேன். அதற்குச் சபை மொத்தமும் ஆமென் சொன்னது. பாஸ்டரைவிட அந்த ஆமென்தான் இரண்டு நாளாக என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நான் இறையியல் படித்தவள் இல்லை. ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்து டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவள், அவ்வளவுதான். அந்தப் படிப்பை வைத்தே சொல்கிறேன்: விசுவாசியும் பாவத்துக்கு அடிமைப்படலாம். அடிமைப்பட்டான் என்பதற்காக அவன் பெற்ற இரட்சிப்பு, அதாவது பாவத்திலிருந்து கிடைத்த மீட்பு, பொய்யாகிவிடாது.

உடனே பைபிளில் ரோமர் 6:14-ஐத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். "பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது." எனக்கும் பிடித்த வசனம்தான். அதற்கு இரண்டு வசனம் முன்னால், பாவம் உங்கள் சரீரத்தில் ஆளாதிருப்பதாக என்கிறாரே அந்த நிருபத்தை எழுதிய பவுல், அது யாருக்கு? ஆளவே முடியாத ஒன்றை ஆளவிடாதே என்று யாராவது எச்சரிப்பார்களா? கலாத்தியர் 5:1-ல் "மறுபடியும் அடிமைத்தனத்தின் நுகத்துக்குட்படாமல்" நிலைகொண்டிருங்கள் என்கிறார். அந்த நுகம் மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணம், பாவமில்லை என்று ஒருவர் வருவார். சரி, ஒத்துக்கொள்கிறேன். விடுதலையானவர்களிடம் "மறுபடியும்" என்று ஏன் சொன்னார் என்பதை மட்டும் விளக்கிவிட்டுப் போங்கள்.

கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. இன்றைக்கும் செங்கல் சூளையிலிருந்தும் அரிசி ஆலையிலிருந்தும் குடும்பங்களை மீட்கிறார்கள். கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழ் கொடுக்கிறார். அப்புறம்? கையில் காசில்லை, வேறு தொழில் தெரியாது, பழைய முதலாளியின் ஆள் வாசலில் நின்று முன்பணம் நீட்டுகிறான். சிலர் திரும்பவும் அதே சூளைக்குப் போய்விடுகிறார்கள். அதனால் அந்தச் சான்றிதழ் போலியா? முதலாளிக்கு அவன்மேல் ஒரு உரிமையும் கிடையாது. ஆனாலும் அவன் அங்கே செங்கல் அறுத்துக்கொண்டிருக்கிறான். இரண்டுமே உண்மை. அவனிடம் போய் "நீ விடுதலையானவன்யா, வெளியே வா" என்பீர்களா, "உனக்கு விடுதலையே கிடைக்கல" என்பீர்களா?

விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று ரோமர் 7-ல் பவுல் சொல்வது விசுவாசியின் நிலையா, அதற்கு முந்தைய நிலையா என்பது பழைய வழக்கு. பழைய இறையியல் மேதை அகஸ்டினே முதலில் ஒன்று சொல்லி, வயதான பிறகு மாற்றிக்கொண்டார். நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. என் அப்பாவுக்கு அந்த ஏழாம் அதிகாரம் மட்டும் பார்க்காமல் சொல்லத் தெரியும்.

அப்பா ஞானஸ்நானம் எடுத்து ஆறு வருஷம் குடியைத் தொடவில்லை. அக்கா கல்யாணக் கடனில் மறுபடியும் ஆரம்பித்தார். ஒளிக்கவில்லை, தானே போய் சபை மூப்பர்களிடம் சொன்னார். அவருக்கும் இதே தீர்ப்புதான். சபையில் அப்பமும் ரசமும் பகிரும் இராப்போஜனத்தை அவருக்கு நிறுத்தினார்கள்; அதைக்கூட ஒழுங்கு நடவடிக்கை என்று விட்டுவிடுகிறேன். "நீ இரட்சிக்கப்படவே இல்ல" என்று சொன்னார்களே, அதற்கப்புறம் அவர் உள்ளே வரவே இல்லை. எங்களை வாசலில் இறக்கிவிட்டு, எதிரே புங்கமரத்தடியில் டிவிஎஸ் ஃபிஃப்டியில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் பிரசங்கம் கேட்பார். சாகும்வரை அப்படித்தான். அவர் இரட்சிக்கப்படாதவர் என்றால் அந்த ஆறு வருஷம் அவரைக் காத்தது யார்? நாங்கள் மூன்று வேளையும் சாப்பிட்ட ஆறு வருஷம் அது.

"அப்போ குடிக்க லைசென்ஸ் கொடுக்கிறீங்களா சிஸ்டர்?" என்று இந்நேரம் ஒருவர் டைப் செய்துகொண்டிருப்பார். அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்த காசு டாஸ்மாக்குக்குப் போன வீட்டில் வளர்ந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? குடி பாவம், அடிமைத்தனம், வீட்டையே அழிக்கும். விட முடியவில்லை என்று சொல்லத்தானே அந்த அண்ணன் எழுந்தார்? தேவனால் பிறந்தவன் பாவம் செய்யான் என்று 1 யோவான் 3:9 காட்டுகிறவர்கள், நமக்குப் பாவமில்லை என்றால் நம்மையே வஞ்சிக்கிறோம் என்கிற அதே நிருபத்தின் 1:8-ஐயும் வாசித்துவிட்டு வாருங்கள். அதற்கு மேல் எனக்குப் பொறுமையில்லை.

நாம் உருகி உருகிப் பாடும் 'அமேசிங் கிரேஸ்' எழுதிய ஜான் நியூட்டன், 1748-ல் கடல் புயலில் மனம் திரும்பியவர். அதற்கப்புறமும் 1754 வரை அடிமை வியாபாரக் கப்பல்களில்தான் இருந்தார், கேப்டனாகவும். கீழ்த்தளத்தில் மனிதர்களைச் சங்கிலியில் பூட்டிவிட்டு மேலே மாலுமிகளுக்கு ஆராதனை நடத்தினார். அந்தக் காலத்தில் தான் முழு விசுவாசியாக இல்லை என்று அவரே பிற்பாடு எழுதினாரே என்பீர்கள். எழுதினார்தான். அவர் தன்னைப் பற்றி எழுதினார், அடுத்தவன் மைக்கைப் பிடுங்கிச் சொல்லவில்லை.

சரி, உங்கள் கணக்கையே வைத்துக்கொள்வோம். அடிமையாக இருப்பவன் இரட்சிக்கப்படவில்லை. எல்லாருக்கும் போடுவோமா இந்தக் கணக்கை? வரன் விளம்பரத்தில் முதல் வரி 'ஆவிக்குரிய குடும்பம்', இரண்டாவது வரி சாதி. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் கோயிலில் சாதியைப் பிரித்து நின்ற சுவரை 1910-ல் இடித்தார்கள். அது கத்தோலிக்கர் கதை என்று நழுவாதீர்கள். 1833-ல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடாமல் சபையை விட்டார்கள். இன்றைக்கும் எத்தனை பவுன் என்று பேசி முடித்துவிட்டு ஸ்தோத்திரம் சொல்லும் மூப்பரிடம், "நீங்க இரட்சிக்கப்படவே இல்ல" என்று எந்த மைக் சொல்லியிருக்கிறது? அந்த அடிமைத்தனம் வாயில் நாறுவதில்லை. கோட்டுப் போட்டு முன்வரிசையில் உட்காரும்.

பாஸ்டர் ஐயாவை இங்கே டேக் செய்யாதீர்கள், அவரோடு எனக்குச் சண்டையில்லை. இல்லை, இருக்கிறது, ஆனால் டேக் செய்யாதீர்கள். அந்த அண்ணனின் நம்பர் யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள். எட்டாவது தடவை வீடியோ வேண்டாம்.