ஆஸ்டன் வில்லாவில்தான் மெக்ராத்தின் உச்சம்
அயர்லாந்துக் கால்பந்து வீரர் பால் மெக்ராத்தின் சிறந்த ஆண்டுகள் 1989இல் மான்செஸ்டர் யுனைடெட்டை விட்டு விலகியதோடு முடிந்துவிட்டன என்று அவரைப் பற்றிய கட்டுரையின் ஆசிரியர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பலமுறை அறுவை சிகிச்சை செய்யப்பட்ட முழங்கால்களைக் காரணம் காட்டி ஓய்வு பெறும்படி யுனைடெட் அவரை வற்புறுத்தியது உண்மைதான். ஆனால் மற்றொரு இங்கிலாந்து அணியான ஆஸ்டன் வில்லாவுக்குப் போன பிறகு, வாரநாட்களில் பயிற்சியே இல்லாத அளவுக்கு முழங்கால்களைக் காப்பாற்றிக்கொண்டு சனிக்கிழமைகளில் களமிறங்கிய அந்த மனிதரைத்தான் 1993இல் சக ஆட்டக்காரர்களே வாக்களித்து ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தார்கள். 1994, 1996 லீக் கோப்பைகளும் அங்கேதான் கிடைத்தன. அவர் வெறுமனே பந்தைத் தூர உதைக்கும் தடுப்பாட்டக்காரர் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்திட்ட நண்பர் ஒருவர் கூறுவதும் சரியல்ல. பயிற்சியாளர் ஜாக் சார்ல்டன் அயர்லாந்து அணியில் அவரைப் பலமுறை நடுக்களத்தில் ஆடவைத்தார். 1994 உலகக் கோப்பையில் அமெரிக்காவின் ஜயன்ட்ஸ் மைதானத்தில் இத்தாலிக்கு எதிராக நடந்த ஆட்டத்தின் பதிவை அண்மையில் மறுபடியும் பார்த்தேன். 11ஆவது நிமிடத்தில் அயர்லாந்தின் ரே ஹூட்டன் அடித்த ஒரே கோலைக் காப்பாற்ற வேண்டிய நெருக்கடியில், முப்பத்து நான்கு வயதான மெக்ராத் ஓடித் துரத்துவதே அரிது. பந்து எங்கே வரும் என்பதை முன்கூட்டியே கணித்து அங்கே போய் நிற்கிறார், ஒரு தாக்குதலில் தலையாலும் காலாலும் அடுத்தடுத்து மறித்துவிட்டு, கடைசியில் முகத்தையே பந்துக்குக் கொடுக்கிறார். வேகம் போன பிறகுதான் அவருடைய ஆட்ட அறிவு முழுமையாக வெளிப்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.