டீ குடிச்சதுக்கு மெமோ

அந்த மனநல மறுவாழ்வு மையத்து விவகாரத்தை எல்லாரும் படிச்சிருப்பீங்க. குணமாகி வெளிய வந்த ஒருத்தர்கூட டீக்கடையில உட்கார்ந்து பேசினாராம், மையத்துல வேலை பார்க்குற தம்பிக்கு மெமோ. 'நோயாளியிடம் அளவுக்கு மீறிய நெருக்கம்.' பலே!

மனநோய்க்கு வருஷக்கணக்கா லித்தியம் மாத்திரை சாப்பிடுறவன் சொல்றேன். மாத்திரைதான் என்னை நிக்க வச்சுது, இல்லேங்கல. அந்த மாத்திரையை விடாம போட வச்சது ஒரு நர்ஸம்மா. மத்தவங்க நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாங்க. "மாத்திரை போட்டியா? தூங்குனியா? அடுத்த ஆளு வா." என்னைவிடச் சின்னப் பசங்களும் வா, போதான். அந்தம்மா மட்டும், "மேட்டூர் தொறந்தாச்சே, உங்க கடைமடைக்குத் தண்ணி வந்துச்சா தம்பி?"ன்னுதான் ஆரம்பிப்பாங்க.

இது வெறும் பாசம் இல்லீங்க, வைத்தியம். நான் வெயில்ல வயல்ல நிக்குறவன்னு தெரிஞ்சதாலதான், "வேர்த்துக் கொட்டினா ரத்தத்துல லித்தியம் ஏறிடும். தண்ணி நிறையக் குடிங்க, உப்பை நீங்களா குறைக்காதீங்க, வாந்தி பேதின்னா உடனே வந்துடுங்க"ன்னு சொன்னாங்க. ஒருநாள் அவங்க கொடுத்த டீ என் கையில தளும்பி சட்டையெல்லாம் ஊத்திடுச்சு. இந்த மாத்திரையால வர்ற வழக்கமான நடுக்கம் இல்லைன்னு அவங்களுக்குத்தான் பட்டுச்சு. டாக்டர்கிட்ட சொல்லி, லித்தியம் அளவு பார்க்க ரத்தம் எடுக்க வச்சாங்க. ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிச்சு எடுக்கணும், காலை மாத்திரையை ரத்தம் கொடுத்துட்டுத்தான் போடணும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஆஸ்பத்திரி கார்டை மட்டும் பார்த்தவங்க யாரும் சொல்லலையே!

"அப்போ எல்லையே வேண்டாமா?"ன்னு வருவீங்க. வேணும். கடன் கொடுக்கல் வாங்கல் கூடாது, நம்ம கதையை ஊருக்குள்ள சொல்லக் கூடாது. டீ இதுல எந்தக் கணக்கு? சம்மதம் கேட்காம சிகிச்சையில இருக்குறவங்க போட்டோவை ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாதுன்னு 2017 மனநலச் சட்டத்துல 24ஆம் பிரிவே இருக்கு. பொங்கலுக்குக் கரும்பைக் கையில திணிச்சு நிக்க வச்சுப் படம் எடுத்துப் பேப்பருக்கு அனுப்புறாங்களே, அங்க எந்த எல்லை?

ஓபியில கூட்டம், ஆள் பத்தாது, அது நியாயம். தண்ணி வந்துச்சான்னு கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

2001ல ஏர்வாடியில மனநலக் காப்பகம் தீப்பிடிச்சு 28 பேர் கருகிச் செத்தாங்க. சங்கிலியில கட்டி வச்சிருந்ததால ஓட முடியல. நெருக்கம் ஜாஸ்தியாகியா செத்தாங்க? எங்க ஊர்ல கல்யாணப் பந்தியில என் பக்கத்து இலையில இன்னமும் யாரும் உட்கார மாட்டாங்க. சொந்தச் சித்தப்பா மகனே நாலு இலை தள்ளிப் போவான். உட்கார்ற ஒருத்தர் ரெண்டு பேருக்கும் மெமோ கொடுத்துட்டா, அப்புறம் எங்களை எந்த 'சமூகத்தோட' இணைக்கப் போறீங்க சார்?

"இவன் இன்னைக்கு மாத்திரை போடலையோ"ன்னு கமெண்ட்ல வரப்போறவங்களுக்கு: போட்டாச்சு, போன வாரம் ரத்தமும் கொடுத்தாச்சு. மெமோவைப் பத்திப் பேசுங்க.