துணி ஆறட்டும், சார்

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் உற்பத்தி மேலாளராக இருக்கிறேன். புதிதாக வரும் சூப்பர்வைசர்களுக்கு என்மேல் ஒரு குறை உண்டு: "சார் எதையும் முடிவாகச் சொல்வதில்லை." ஒப்புக்கொள்கிறேன். எல்லாவற்றையும் முடிவாகச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான் நான்.

லைக்ரா என்ற இழுபடும் இழை கலந்த துணி ரோலில் இழுபட்ட நிலையிலேயே சுற்றி வரும். பிரித்து ஒரு நாளாவது தளர்வாகக் கிடக்க விட்டால்தான் தன் அளவுக்குத் திரும்பும். அதற்குப் பிறகே மேசையில் விரித்து வெட்ட வேண்டும். இது எனக்கும் தெரியும். ஆனால் ஷிப்மெண்ட் நெருக்கடி. வந்த அன்றே வெட்டச் சொன்னேன். "துணி கொஞ்சம் ஆறட்டும், சார்" என்றார் கட்டிங் மாஸ்டர். "சொன்னதைச் செய்யுங்கள், மாஸ்டர்" என்றேன். செய்தார். தைத்து முடித்து அளந்தால், சட்டைகளின் நீளம் குறைவு. குறைந்ததை நீட்டித் தர எந்த மிஷினும் கிடையாது.

நஷ்டத்தைவிட என்னை அரித்தது வேறு. இருபது வருடம் கட்டிங் மேசையில் நின்றவர் ஏன் இரண்டாவது தடவை சொல்லவில்லை? சில நாள் கழித்து டீக்கடையில் கேட்டேன். "நீங்கள் உத்தரவு போட்டுவிட்டீர்கள். அதற்குப் பிறகு அது உங்கள் துணி, சார்."

அன்றிலிருந்து யோசனை சொல்லும் ஆளாக மாறினேன். அதிலும் ஒரு பித்தலாட்டம் இருப்பது பிறகுதான் புரிந்தது. "இப்படிச் செய்தால் நன்றாக இருக்குமே" என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது உத்தரவுதான். கேட்பவருக்கு அது தெரியும். என் பேச்சைத் தள்ளிவிட்டுத் தன் வழியில் போய்த் தோற்றவரிடம் மறுநாளும் என் முகம் மாறாதிருந்தால்தான் நான் சொன்னது யோசனை. ஒரு லைன் சூப்பர்வைசர் அப்படித்தான், நான் சொன்னபடி தையல் வரிசையை மாற்றவில்லை. அன்றைய உற்பத்தி விழுந்தது. முதலாளிக்கு என் பெயரில்தான் விளக்கம் எழுதினேன். "அப்போதே சொன்னேனே" என்பது தொண்டைவரை வந்தது. விழுங்குவது சுலபமாக இல்லை. அடுத்த வாரம் அந்தப் பெண்ணே வரிசையை மாற்றினார். என் வழியுமில்லை, அவருடைய பழைய வழியுமில்லை. ஓடியது.

ஊசி விஷயத்தில் மட்டும் யோசனை, கலந்துரையாடல் எதுவும் கிடையாது. உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்துத் தாளில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அங்கிருக்கும் துணிகள் அனைத்தும் தனியே போக வேண்டும். அந்த உடையை ஒரு குழந்தை போடப்போகிறது. அங்கே நான் பழைய ஆள்தான், குரலும் பழைய குரல்தான்.

உத்தரவை விரும்புவது மேலாளர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கேட்டு நடப்பவருக்கும் அது வசதி. தப்பானால் பழி வேறொருவர் தலையில். என்மேல் குறை சொல்லும் பிள்ளைகள் கேட்பதும் அந்த வசதியைத்தான்.

போன வாரம் மறுபடியும் லைக்ரா ரோல்கள் வந்தன. மறுபடியும் அவசரம். "மாஸ்டர், இன்றைக்கே வெட்டலாமா?"

அவர் துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "கேட்கிறீர்களா, சொல்கிறீர்களா?" என்றார்.

"கேட்கிறேன்."

"அப்படியென்றால் நாளை மதியம்."