அந்த கமெண்ட்டைப் பற்றி, ஒரே ஒரு தடவை

சொந்தக் காசில் எண்ணெய்ச் செக்கு போட்டேன் என்று நான் எழுதியதற்குக் கீழே வந்த கமெண்ட்தான். அதன் ஸ்கிரீன்ஷாட் என் பழைய ஆபீஸ் குரூப் வரைக்கும் ஒரு சுற்று போய்விட்டு வந்துவிட்டது. "பொண்டாட்டி சம்பளத்துல சோறு, இதுல சொந்தக் காசுல தொழில்னு பெருமை வேற." அதற்கு 47 சிரிப்பு. சிரித்தவர்களில் 3 பேர் எங்கள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவர்கள்.

சொந்தக் காசுதான். 2022-இல் சென்னை ஓ.எம்.ஆர். ஆபீஸ் வேலையை விட்டேன். அப்போதெல்லாம் 2 மாதம் சும்மா இருந்தால் பி.எஃப். முழுவதும் எடுக்கலாம், எடுத்தேன். காரை விற்றேன். பல்லடம் பக்கம் ஷெட் பிடித்து வாகை மரச் செக்கு இரண்டு போட்டேன். பேங்க் லோன் இல்லை, மாமனார் பணம் இல்லை.

ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. முதல் ஐப்பசியிலேயே ஈரப் பருப்பை லோடாக இறக்கி ஏமாந்தேன். எண்ணெய் சரியாக இறங்கவில்லை, இறங்கிய எண்ணெயும் வெயில் இல்லாமல் தெளியவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் இரண்டு பருப்பை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "கடிச்சா கடக்குனு உடையோணும் கண்ணு" என்றார். அந்தப் பாடத்துக்கு ஃபீஸ் கட்டியதும் சொந்தக் காசுதான்.

1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய சாஃப்ட்வேர் கம்பெனி ஜோஹோ வெளி முதலீடு வாங்காமலே வளர்ந்ததைப் பெருமையாக ஷேர் செய்கிறவர்களும் இவர்களேதான். 1996-இல் கேட்டிருந்தால் அதற்கும் 47 சிரிப்பு விழுந்திருக்கும். ஐயோ, நான் ஜோஹோவோடு என்னை ஒப்பிடவில்லை, அதற்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள். நான் விற்பது எண்ணெயும் புண்ணாக்கும்.

வீட்டுக் கடன் இருக்கிறவன் என்ன செய்வான் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

சரி, அவள் சம்பளம். 14 மாதம் வாடகை, மளிகை, பையன் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் அவள்தான், நான் என்றைக்கு மறைத்தேன்? பையன் பிறந்து 3 வருஷம் அவள் வீட்டில் இருந்தபோது, புருஷன் சம்பளத்தில் சோறு என்று யாராவது சிரித்தீர்களா? அதற்குப் பெயர் குடும்பம், இதற்குப் பெயர் மட்டும் வேறயா?

அந்த கமெண்ட்டை எனக்கு முன்னாலேயே அவள் பார்த்திருக்கிறாள். சொல்லவில்லை. அன்று ராத்திரி பாக்கி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பேசாமல் கூட்டிக்கொண்டிருந்தாள். சிரித்த 3 பேரில் ஒருவர் பெயர் அதில் இருக்கிறது. தீபாவளிக்கு வாங்கிய 15 லிட்டர் டின். கூகுள் பே நம்பர் பழையதுதான் சார், மாற்றவில்லை.